மடையோரத்து நாற்காலி

தங்கச்செல்வி மண்புழுவைத் தூண்டில் முள்ளில் கோத்து, நைலான் நரம்பை ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு, கம்பைக் கணவரின் இடது கையில் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் இதே கண்மாய்க் கரையில், டப்பாவுக்குள் நெளிந்த புழுக்களைப் பார்த்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போயிருக்கிறாள். இப்போது ஒன்றும் தோன்றவில்லை. எட்டு மாதமாகக் கழுவுவதும் துடைப்பதும் துணி மாற்றுவதுமாக இருந்த கைகள், எதைத் தொட்டாலும் ஒன்றுபோலத்தான் தொட்டன. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மடைச்சுவரின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

அசோக் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. இடது கையால் கம்பை வீசினார். தக்கை காலடியிலேயே விழுந்தது. இழுத்து மறுபடி வீசினார். மூன்றாவது தடவை நாலைந்து முழம் தள்ளிப் போய் விழுந்து, ஆடி, நிமிர்ந்து நின்றது. கரைமேல் நின்றுகொண்டிருந்த வெள்ளத்துரை கை தட்டினான்.

"பாத்தியா செல்வி, மாப்ள ஒண்ணையும் மறக்கல. கை மாறினாலும் வீச்சு அதே வீச்சுதான்."

வெள்ளத்துரை அவளுடைய அண்ணன். திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் அவன் ஊர். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் பருத்தி, இரண்டு மாடு. பொங்கலுக்குக் கடையைப் பூட்டினால் அசோக் குடும்பத்தோடு இங்கேதான் வருவார். அருப்புக்கோட்டை பஜாரில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் வேன் பிடிப்பார்கள். "கூட்டம் பாக்கணும்னா கொடைக்கானல் போகலாம். மீனப் பாக்கணும்னா மச்சினன் ஊருதான்" என்பார். மழை பொய்த்த வருடங்களில்கூட மடையடியில் தேங்கிய குட்டைக்குள் தூண்டிலைப் போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவர். இந்த வருடம் ஐப்பசியிலேயே கண்மாய் நிறைந்து மறுகால் போயிருந்தது. அக்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். மீன் குத்தகை எடுத்தவர் வெள்ளத்துரைக்கு வேண்டியவர் என்பதால், ஒற்றைத் தூண்டிலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"என்ன மாப்ள, இன்னைக்கிச் சிக்கிருமா?" என்றான் வெள்ளத்துரை.

"நாளைக்கி" என்றார் அசோக்.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான். போன வைகாசியில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் வலது காலும் பேச்சும் போயின. கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது, யாராவது பிடித்துக்கொண்டால் பத்து எட்டு நடப்பார். பேச்சில் இந்த ஒரு சொல். இருபத்திரண்டு வருடம் பெயிண்டுக் கடை நடத்தியவர். கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லாமல் 'நாளைக்கி வந்துரும்' என்றே சொல்லிப் பழகியவர். அதிகம் புழங்கிய சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். பசிக்கிறதா என்று கேட்டால் நாளைக்கி. வலிக்கிறதா என்று கேட்டாலும் நாளைக்கி. இழுத்துச் சொன்னால் வேண்டாம், வெட்டிச் சொன்னால் வேண்டும் என்று தங்கச்செல்விக்கு ஒரு கணக்கு இருந்தது. பாதி நேரம் அதுவும் தப்பிப் போகும்.

பொழுது சாயும்போது அண்ணனும் அவளுமாக அவரைத் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஜிலேபிக் கெண்டைதான். மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற மகள் காளீஸ்வரி வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவள் காதில் விழாது என்று தெரிந்ததும் வெள்ளத்துரை குரலைத் தாழ்த்தினான்.

"கேக்கணும்னு நெனச்சேன். அன்னைக்கி மாப்ள விருதுநகர் போறேன்னுதான சொல்லிட்டுப் போனாக? விழுந்தது காரியாபட்டியில. அங்க எதுக்குப் போனாக?"

"பெயிண்டு லோடு விசயமா இருக்கும்ணே."

"காரியாபட்டியில யாரு லோடு தாரா?"

"எனக்கென்ன தெரியும்."

அசோக் இருவருக்கும் நடுவில்தான் இருந்தார். அவருடைய செருப்பு மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே வந்தது.

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்ததாகச் சொன்னார்கள். மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்திருந்த டீக்கடைக்காரர், தங்கச்செல்வி வந்து சேர்ந்ததும் ஒரு பையைக் கொடுத்தார். "அண்ணாச்சியோடதும்மா. விழுந்தப்பறமும் பிடிச்ச பிடிய விடல" என்றார். காளீஸ்வரி வருவதற்குள் அவள் அந்தப் பையைப் பெண்கள் கழிப்பறைக்குள் கொண்டுபோய்த் திறந்து பார்த்தாள். நாலு சட்டை. மூன்று வேட்டி. துண்டு. ஷேவிங் செட்டு. ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை, அட்டை பிரிக்காமல். விருதுநகர் போய்விட்டுச் சாயந்திரம் திரும்புகிறவர் ஒரு வேளை மாத்திரைகூட எடுத்துக்கொண்டு போகமாட்டார். செல்போனைக் கடை மேசைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சுத்தமாக இருந்த அந்தச் சட்டைகளை மறுபடியும் துவைத்தாள். தேய்த்துப் பீரோவில் பழைய இடத்திலேயே அடுக்கினாள். செல்போனைத் திறந்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தாள். பெயிண்டர்கள், கொத்தனார்கள், மகள், மச்சினன். வேறு ஒரு பெண்பிள்ளை இல்லை, ஒரு சண்டை இல்லை. முந்தின நாள் ராத்திரி இரண்டு பேருமாகப் பரோட்டா வாங்கி வந்து, டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சால்னா காரமாக இருக்கிறதென்று அவர் அவள் தட்டில் ஊற்றினார். மறுநாள் காலையில் நாலு சட்டையும் ஒரு மாத மாத்திரையும். அவள் எத்தனை தடவை யோசித்தும் இந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள், "ஒன்ன மாதிரி யாரு பாப்பா இந்தக் காலத்துல" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்தக் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு காப்பி போடப் போனாள்.

போகியன்று மத்தியானம் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க வெள்ளத்துரையும் மதினி கனகலட்சுமியும் திருச்சுழிக்குக் கிளம்பினார்கள். காளீஸ்வரியும் கூடப் போகிறேன் என்றாள். போவதற்கு முன்னால் எல்லாருமாகச் சேர்ந்து அசோக்கை மடையோரத்துக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முந்தின நாளைவிட நாலடி தண்ணீருக்குப் பக்கமாக வைக்கச் சொல்லி அவர் இடது கையைக் காட்டினார்.

"அதுல சரிவா இருக்கு மாமா" என்றாள் காளீஸ்வரி.

"ஒங்கம்மா கிட்டத்துலதான இருக்கா" என்றான் வெள்ளத்துரை.

கனகலட்சுமி மைதாவும் தவிடும் பிசைந்து ஓர் உருண்டை கொடுத்திருந்தாள். தங்கச்செல்வி அதில் கிள்ளி முள்ளில் உருட்டி ஒட்டினாள். அவர் வீசினார். தக்கை நின்றது. வெயிலில் சூடு இல்லை. தூரத்தில் நாலைந்து நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. கண்மாய்க்குள் பாதி மூழ்கி நின்ற சீமைக்கருவேல மரங்களில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. வெகுநேரம் இரண்டு பேரும் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டு வரவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"ஏங்க."

அவர் திரும்பினார்.

"அன்னைக்கி எங்க போகக் கெளம்புனீக?"

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. சரியாகப் பாதி முகம்தான் மாறும், அதுவும் மாறவில்லை.

"பைய நாந்தான் வாங்குனேன். சட்டை, வேட்டி, மாத்திரை எல்லாம் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல. காளிகிட்டகூடச் சொல்லல. எங்கன்னு சொல்ல வேணாம். எங்கள விட்டுட்டுப் போகத்தான போனீக? ஆமான்னா தலைய ஆட்டுங்க."

அவர் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை. ஆட்டத் தெரியும். காலையில் இரண்டாவது இட்லி வேண்டாமென்று ஆட்டியவர்தான்.

"திரும்பி வாரதா இருந்துச்சா?"

அவர் வாயைத் திறந்தார். உதடு ஒருபக்கம் இழுபட, நாக்கு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. வேறு ஒரு சொல் வரப்போகிறது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. "நா…" என்றார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நாளைக்கி" என்றார். டி.வி. விளம்பரத்தில் குழந்தை சிரித்தால்கூட அழுதுவிடுகிறவருக்கு அன்றைக்குக் கண் கலங்கவில்லை. அவர் திரும்பி மறுபடியும் தக்கையைப் பார்க்க ஆரம்பித்தார். அவளும் பார்த்தாள். நிழல் மடைச்சுவரை விட்டு இறங்கி அவள் கால் வரைக்கும் வந்தது.

தக்கை ஆடாமல் அசையாமல் ஒரேயடியாக உள்ளே போனது. கெண்டை இழுப்பதுபோல இல்லை. கம்பு வில்லாக வளைந்தது. குத்தகைக்காரர் விட்ட கட்லாவாக இருக்கும், நாலு கிலோ இருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். அசோக் இடது கையால் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தார். அடுத்த எட்டு வலது காலுடையது. அது வரவில்லை. அவர் முழங்காலில் விழுந்து, சரிவில் வழுக்கி, இடுப்புவரை தண்ணீருக்குள் போனார். மடைக்கு முன்னால் மண் ஆழமாக அரித்திருந்தது. இன்னும் வழுக்கினார். நெஞ்சுவரை போனார். அப்போதும் கம்பை விடவில்லை. விட்டிருந்தால் அந்தக் கையால் கரையைப் பிடித்திருக்கலாம்.

"நாளைக்கி" என்று கத்தினார். "நாளைக்கி. நாளைக்கி."

தங்கச்செல்வி எழுந்து நின்றாள். ஐந்தாறு எட்டு வைத்தால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிடலாம். அவள் நின்றாள். பாதையில் வீரசோழன் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஆடோ மாடோ குறுக்கே வந்திருக்க வேண்டும், டிரைவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் கண்மாய்த் தண்ணீர்மேல் நீளமாக வந்தது. கொக்குகள் எழுந்து பறந்து மறுபடியும் அதே மரத்தில் உட்கார்ந்தன. அசோக்கின் வாய் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. கண்கள் அவள்மேல் இருந்தன. முதலில் இருந்த பதற்றம் அந்தக் கண்களில் இப்போது இல்லை. அவள் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததை அவளும் பார்த்தாள். ஹாரன் நின்றது.

அவள் இறங்கினாள். சேலை காலில் சுற்றியது. காலரைப் பிடித்து இழுத்தாள், துணி கிழிந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, மடைச்சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து, எட்டு மாதமாகக் கட்டிலிலிருந்து தூக்கிப் பழகிய அதே பிடியில் அவரை இழுத்துக் கரையில் போட்டாள். அவர் ஒருக்களித்துப் படுத்து இருமினார். தண்ணீரும் மத்தியானச் சோறும் வந்தன. அவள் தலைப்பால் வாயைத் துடைத்தாள். மூக்கில் ஒட்டியிருந்த பாசியை எடுத்தாள்.

"நின்னேன். பாத்தீகள்ல" என்றாள்.

அவர் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. மூச்சு சீரானதும் தாடையால் தண்ணீரைக் காட்டினார். கம்பு அவருடைய கையிலேயே இருந்தது. நரம்பு இன்னும் விறைப்பாக நின்றது. மீன் போகவில்லை.

அவள் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தாள். மீன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக வெகுநேரம் இழுத்தார்கள். நைலான் உள்ளங்கையில் இறங்கியது தெரிந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. கடைசியில் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. பெரிய தலை, கை நீளம், வெள்ளிக்காசு போலச் செதில். மண்ணில் இரண்டு தடவை எம்பி விழுந்தது. அசோக் சேற்றில் படுத்தபடியே அதைப் பார்த்து, முகத்தின் ஒரு பாதியால் சிரித்தார். அவள் மீனின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் ரேகை வழியாக மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

திருச்சுழி போனவர்கள் திரும்பி வரும்போது அவர் உடை மாற்றிக் கட்டிலில் இருந்தார். "வழுக்கிருச்சு" என்றாள் தங்கச்செல்வி. "நான் கிட்டத்துலதான் நின்னேன்." கனகலட்சுமி, "மாரியாத்தா காப்பாத்துனா" என்று திருநீறு எடுத்து வந்து பூசினாள். காளீஸ்வரி அப்பாவின் முதுகில் காதை வைத்து நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டாள். நாடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"எவ்வளவு நேரம்மா தண்ணிக்குள்ள இருந்தாரு?"

"தெரியல."

"ஒரு நிமிசம் இருக்குமா?"

"இருக்கும்."

"நீ கிட்டத்துலதான நின்ன?"

தங்கச்செல்வி புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். புளித்தண்ணீர் வெட்டுக்காயத்தில் ஏறி, தோள் வரைக்கும் சுரீரென்று இழுத்தது. கையை வெளியே எடுக்காமல், புளிக்கோதை நசுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தாள். மகள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அவளை நகர்த்திவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போயிக் கையக் கழுவும்மா. நான் கரைக்கிறேன்" என்றாள். காயத்தைக் கழுவிப் பழைய வேட்டித் துணியில் கட்டுப் போட்டுவிட்டதும் அவள்தான். அன்றைக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அசோக்குக்குத் தங்கச்செல்விதான் ஊட்டினாள். முள் பார்த்துப் பார்த்து எடுத்து, சதையை விரலால் ஒரு தடவை நசுக்கிப் பார்த்து வாயில் வைத்தாள். அவர் ஒவ்வொரு வாய்க்கும் வாயைத் திறந்தார்.

பொங்கலன்று வாசலில் பானை பொங்கியது, குலவை போட்டார்கள், யாரும் கண்மாய்ப் பக்கம் போகவில்லை. மாட்டுப் பொங்கலன்று காலையில், சுவரில் சாத்தியிருந்த தூண்டில் கம்பை அசோக் கைகாட்டினார்.

"அதெல்லாம் வேணாம் மாப்ள" என்றான் வெள்ளத்துரை. "பட்டது போதும். அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

அசோக் கட்டில் சட்டத்தை இடது கையால் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளத்துரை தங்கச்சியைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்ற செல்வி?"

காளீஸ்வரி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அசோக் தட்டுவதை நிறுத்தியிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை, கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு போவோம்ணே" என்றாள் தங்கச்செல்வி.

வாசலில் குளிப்பாட்டிய மாடுகளுக்கு அண்ணன் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். ரோஸும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கயிறுகள். ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். மடையோரத்தில் நாற்காலியை முதல் நாள் இருந்த இடத்துக்குத் தள்ளிப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அண்ணன் போனபிறகு, கயிற்றை நாற்காலி முதுகின் ஓட்டைகளுக்குள் விட்டு, அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முடிச்சுப் போட்டாள். அவள் முடிச்சுப் போடுவதற்கு வாகாக அவர் இடது கையைத் தூக்கிக்கொண்டார். மறுநுனியைக் கட்ட மரம் தேடினாள். பக்கத்திலிருந்த கருவேலம் வரைக்கும் கயிறு எட்டவில்லை. மடைச்சுவரிலும் கட்டத் தோதாக எதுவும் இல்லை. அவள் அதைத் தன் கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள்.

அவர் வீசினார். அக்கரையில் யாரோ மாடுகளைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய அலை மெல்லமாக வந்து தக்கையை ஆட்டிவிட்டுப் போனது. அவர் எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தபோது கயிறு அவள் உள்ளங்கைக் கட்டுக்குமேல் ஒரு சாண் ஓடியது. சாய்ந்து உட்கார்ந்தபோது தொய்ந்தது. பனி ஈரத்தில் சாயம் இளகி, அவள் விரல் இடுக்குகளில் எல்லாம் ரோஸ் நிறமாக இறங்கியிருந்தது.